முகத்துவாரத் திட்டியைப் பாய்ப்படகில் கடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வல்வெட்டித்துறையில் பதினாறடிப் பாய்ப்படகு ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிறு காலைகளில் ஊர்ப் பெடியன்கள் நாலைந்து பேருக்குப் பாய் பிடிக்கப் பழக்குகிறேன். அவர்கள் கேட்பதும், அவுஸ்திரேலியாவில் இருக்கிற மச்சான் போன் எடுத்துக் கேட்பதும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: முகத்துவாரத்து மணல் மேட்டை, அதாவது திட்டியை, எந்த நேரத்தில் கடக்கலாம்? தனித்தனியாகச் சொல்லி முடியாததால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஆறே கிடையாதே அண்ணை, எங்களுக்கு ஏன் இது?

ஆறு இல்லை என்பது சரிதான். வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். தொண்டைமானாறு பெயரில்தான் ஆறு, உண்மையில் அது கடல்நீரேரி. அதன் வாயிலும் உவர்நீர் உள்ளே ஏறாமலிருக்க அணை கட்டிக் கதவு போட்டிருப்பதால் படகோடு உள்ளே போகிற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வடமராட்சி கிழக்குக் கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்கினால் சுண்டிக்குளம், நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்று வரிசையாகக் கடல்நீரேரி வாய்கள் வரும். கோடையில் மண் ஏறி ஒடுங்கும், சிலது மூடியே போகும், மாரி வெள்ளத்தில் உடைத்துக்கொண்டு ஓடும். இன்னும் கீழே போனால் கொட்டியாரக் குடாவில் மகாவலி, அதற்கும் கீழே மட்டக்களப்பு வாவியின் வாய்.

ஆற்றுவாயோ கடல்நீரேரி வாயோ, திட்டி உண்டாகிற விதம் ஒன்றுதான். உள்ளிருந்து வரும் தண்ணீர் வாயைத் தாண்டியதும் பரந்து வேகம் குறைகிறது, சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது, வெளியிலிருந்து வருகிற அலை அந்த மணலைத் திருப்பித் தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவில் பிறை மாதிரி ஒரு மேடு எழும்புகிறது. வெளியே ஆழம், உள்ளே ஆழம், நடுவில் மட்டும் இடுப்பளவோ நெஞ்சளவோ தண்ணீர்.

வெளிநாட்டுக்காரர் "பார்" என்று சொல்வது இதைத்தானா?

இதைத்தான். நமக்குக் குழப்பம் வருவதற்குக் காரணம், மன்னார்க் கடலில் முத்துப் பார் என்கிறோமே, அந்தப் பார் கல். இது மணல். நான் இங்கே திட்டி என்றே எழுதுகிறேன்.

நாங்கள் சின்ன வயதிலிருந்து வானுக்குள்ளால் (கற்பாரை வெட்டிய படகு வழி) போய் வருகிறோம். அதைவிட இது கஷ்டமா?

வான் தெரிந்தவனுக்குப் பாதி தெரியும். கற்பாரை வெட்டி ஆழமாக்கிய வாய்க்காலுக்குள்ளால், இரண்டு பக்கமும் அலை முறிந்து விழ விழ, அலைக்கூட்டத்துக்கு இடையில் ஒரு அமைதி பார்த்து நுழைகிற பழக்கம் திட்டியிலும் உதவும். தெரியாத பாதி என்னவென்றால், வான் நகராது, திட்டி நகரும். வானுக்குள்ளிருந்து பெரிதாகத் தண்ணீர் வெளியே தள்ளாது, முகத்துவாரத்திலிருந்து தள்ளும். கீழே எழுதப் போகிறது முழுக்க இந்த இரண்டையும் பற்றித்தான்.

எங்கள் பக்கம் ஓதமே அரை மீற்றர்தான். அதற்கு ஏன் நேரம் பார்க்க வேண்டும்?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது, பிழையான முடிவுக்குக் கொண்டு போகிற கேள்வியும் இதுதான். வடக்குக் கரையில் ஓதம், அதாவது கடல் இறங்குகிற வற்றுக்கும் ஏறுகிற பெருக்குக்கும் உள்ள வித்தியாசம், பொதுவாக அரை மீற்றரைச் சுற்றித்தான், பறுவம் (முழுநிலவு), அமாவாசையை ஒட்டிய நாட்களிலும் முக்கால் மீற்றருக்குள் அடங்கிவிடும். ஆகையால் ஆழத்தை மட்டும் நினைத்தால் நேரம் பார்ப்பது வீண் வேலை போலத் தோன்றும்.

ஆழத்தை விடுங்கள், ஓட்டத்தைப் பாருங்கள். பெரிய கடல்நீரேரி ஒன்று சின்ன வாயால் மூச்சு விடுகிறது. உள்நீர் மட்டம் கடல் மட்டத்தைவிட 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தாலே, உராய்வைக் கழிக்காமல் கணக்குப் போட்டால், வாயில் தண்ணீரின் வேகம் செக்கனுக்கு 2 மீற்றர், அதாவது கிட்டத்தட்ட 4 நொட். (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்.) உராய்வைக் கழித்தாலும் 2, 3 நொட் மிஞ்சும். ஒரு சாண் உயர வித்தியாசம் செய்கிற வேலை அது.

வெளியேறுகிற தண்ணீரும் உள்ளே வருகிற அலையும் முகத்துக்கு முகம் மோதும்போது அலையின் நீளம் சுருங்குகிறது, உயரம் கூடுகிறது, முகம் செங்குத்தாகிறது. சின்னக் காற்றலைகளுக்கு இது இன்னும் மோசம். 4 செக்கனுக்கு ஒன்று வருகிற அலை ஆழ்கடலில் செக்கனுக்கு 6 மீற்றர் சொச்சம் ஓடும். எதிரே வரும் ஓட்டம் அதில் காற்பங்கை எட்டினால், அதாவது சுமார் 3 நொட் ஆனால், அந்த அலை முன்னேறவே முடியாமல் அதே இடத்தில் குவிந்து முறியும். வெளியில் சாதாரணமாகத் தெரிந்த கடல் வாயில் வந்ததும் பானையில் கொதிக்கிற மாதிரி நிற்பது இதனால்தான். பெருக்கு உள்ளே போகும்போது இதே அலை இதே இடத்தில் நீண்டு தணிந்து போகும். கடலும் அலையும் மாறவில்லை, ஓட்டத்தின் திசை மட்டும்தான் மாறியிருக்கிறது.

படகின் பக்கமிருந்தும் பாருங்கள். என் பதினாறடிப் படகு நன்றாக ஓடினால் 5 நொட். எதிரே 3 நொட் வந்தால் தரையைப் பார்த்து நான் நகர்வது 2 நொட், செக்கனுக்கு ஒரு மீற்றர். 200 மீற்றர் அகலத் திட்டியைக் கடக்க மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்கும், 8 செக்கன் அலை என்றால் அதற்குள் 25 அலை என்னைப் பிடிக்கும். அதே திட்டியில் ஓட்டம் ஒரு நொட் எனக்குப் பின்னாலிருந்து தள்ளினால் ஒரு நிமிடம் சொச்சத்தில் தாண்டிவிடுவேன், எட்டு அலைதான். நல்ல நேரம் பார்த்தால் எட்டு, கெட்ட நேரத்தில் இருபத்தைந்து, அதுவும் ஒவ்வொன்றும் கூடச் செங்குத்தாக.

அப்படியென்றால் எந்த நேரம் நல்லது?

பெருக்கின் கடைசிப் பகுதி, உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முந்தி. ஓட்டம் உள்ளே போய்க்கொண்டிருக்கும், ஆனால் வேகம் தணிந்திருக்கும், திட்டியின்மேல் தண்ணீரும் கிட்டத்தட்ட நிறைந்திருக்கும். தப்பித் தவறி மணலில் தட்டினாலும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஏற இருக்கிறது, அது படகைத் தூக்கிவிடும். உச்சம் கழிந்தபின் தட்டினால் அடுத்த பெருக்கு வரும்வரை, பன்னிரண்டு மணித்தியாலம், அலை அடிக்க அடிக்க அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

வேண்டவே வேண்டாத நேரம் வற்றின் நடுப்பகுதி. உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்கு ஆறு மணித்தியாலமும் சில நிமிடங்களும் ஆகும், அதில் மூன்றாவது நான்காவது மணித்தியாலங்களில்தான் மொத்த இறக்கத்தில் பாதி நடக்கிறது. நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தும் என்பதையும் மறக்காதீர்கள். போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நன்றாக இருந்தது என்பதற்காக இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்குப் போனால் கிட்டத்தட்ட நேர்மாறான ஓட்டத்தில் மாட்டுவீர்கள்.

ஓத அட்டவணையில் பெருக்கு நேரம் பார்த்துத்தான் போனேன், தண்ணீர் வெளியேதானே ஓடிக்கொண்டிருந்தது. அட்டவணை பிழையா?

அட்டவணை பிழையில்லை, அது திறந்த கடலுக்குக் கணித்தது. வாயில் ஓட்டம் திரும்புகிற நேரம் வேறு. கடல் மட்டம் அடியைத் தொட்டு மறுபடி ஏறத் தொடங்கினாலும், உள்நீர் அதைவிட உயரமாக இருக்கும்வரை தண்ணீர் வெளியேதான் ஓடும். வாய் ஒடுங்க ஒடுங்க இந்தப் பிந்தல் கூடும், மிக ஒடுங்கிய வாய்களில் மூன்று மணித்தியாலம் வரைகூடப் போகும். அட்டவணை கடல் ஏறுகிறது என்று சொல்லும், கண்ணுக்கு முன்னால் கடல்நீரேரி கொட்டிக்கொண்டிருக்கும். கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

இது எனக்கு உடம்பில் பட்டுத் தெரிந்த பாடம். ஒரு தை மாதம், வடகிழக்கு வாடைக் காற்றில், முல்லைத்தீவிலிருந்து நாயாற்றுக்கு நானும் மச்சானும் இறங்கினோம். கிழமைக்கு முந்தி நல்ல மழை பெய்திருந்தது. பெருக்கு உச்சம் பிற்பகல் மூன்று மணி என்று எழுதி வைத்திருந்தேன், இரண்டுக்கு வாயில் நின்றோம், நேரம் கச்சிதம் என்று நினைத்தேன். வாய்க்கு வெளியே அரைக் கடல்மைல் தூரத்துக்குக் கடல் கலங்கல் நிறமாக இருந்தது, கலங்கலுக்கும் நீலத்துக்கும் நடுவில் குப்பையும் நுரையும் கோடு கட்டி நின்றன. மச்சான் அதைக் காட்டிக் கேட்டான். மழைத் தண்ணி என்று சொன்னேன். மழைத் தண்ணி வெளியே வந்துகொண்டிருக்கிறது என்றால் ஓட்டம் உள்ளே போகவில்லை என்பதை மனம் சேர்த்துப் பார்க்கவில்லை, ஏனென்றால் கையில் மூன்று மணி என்று எழுதிய தாள் இருந்தது.

திட்டியில் ஏறியதும் படகு நின்றுவிட்டது. பாய் நிறையக் காற்று, பக்கத்தில் தண்ணீர் சீறிக்கொண்டு போகிறது, கரையில் இருக்கிற பனையோ இடம் மாறவே இல்லை. மூன்றாவது அலை பின்பக்கத்து அமரத்தைத் தூக்கி முன்பக்கத்து அணியத்தைக் கீழே குத்தியது, சுக்கான் தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது, படகு பக்கவாட்டில் திரும்பிப் படுத்தது. இரண்டு பேரும் தண்ணீரில். ஓட்டம் எங்களைக் கரைக்கு விடாமல் முறிகிற அலைகளுக்கு வெளியே இழுத்துப் போனது, அங்கே கடல் அமைதியாக இருந்தது, உயிர்காப்பு அங்கியும் போட்டிருந்தோம், வலை எடுக்க வந்த வள்ளக்காரர் ஏற்றினார்கள். பாய்மரம் முறிந்தது. மச்சானின் தோள்மூட்டு விலகி ஆறு மாதம் கை தூக்க முடியாமல் இருந்தான். மூன்று மணி வரை அல்ல, அன்று முழுவதும் நாயாறு வெளியேதான் ஓடிக்கொண்டிருந்தது என்று பிறகு அங்கே தொழில் செய்கிறவர்கள் சொன்னார்கள்.

மாரி வெள்ளம் இறங்குகிற நாட்களில் வாய் இப்படி நாள்கணக்கில் ஒரே பக்கம் ஓடும். பெருக்கு நேரத்தில் ஓட்டம் சற்றுத் தணியும், திரும்பாது.

வானிலை அறிக்கையில் அலை ஒரு மீற்றர் என்று இருந்தால் போகலாமா?

ஒரு மீற்றர் என்பதில் இரண்டு விஷயம் மறைந்திருக்கிறது. முதலாவது, அறிக்கையில் வருகிற உயரம் பெரிய மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. மூன்று மணித்தியாலம் ஒரே இடத்தில் நின்றால் ஏறத்தாழ அதன் இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு அலை உங்களைத் தேடி வரும். ஒரு மீற்றர்க் கடல் என்றால் இரண்டு மீற்றர் அலை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான செக்கன். உயரத்தைவிட நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 6 செக்கன் அலை ஆழ்கடலில் 56 மீற்றர் நீளம், 12 செக்கன் அலை 225 மீற்றர். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததும் தரையை உணரத் தொடங்கும். 6 செக்கன் அலை 28 மீற்றர் ஆழத்தில், 12 செக்கன் அலை 112 மீற்றர் ஆழத்திலேயே. ஒரே ஒரு மீற்றர் என்று எழுதியிருந்தாலும், நீள அலை திட்டியில் ஏறும்போது இன்னும் அரை மீற்றர் எழும்பி நின்று பெரும் தண்ணீரோடு விழும். ஆழ்கடலில் வள்ளத்தில் இருக்கிறவனுக்கு அது அசைவதே தெரியாது.

தூரத்தில் அடித்த காற்று எழுப்பிய அலையை நான் தூர அலை என்பேன். வங்காள விரிகுடாவில் எங்கோ புயல் சுற்றிக்கொண்டிருக்கும், இங்கே காற்றே இருக்காது, அலை மட்டும் வந்து சேரும். சித்திரை தொடங்கி ஆவணி வரை இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலிருந்து வருகிற நீள அலையும் கிழக்குக் கரையைத் தொடும், அறுகம்பையில் அலைச்சறுக்குக்காரர் அதற்காகத்தான் குவிகிறார்கள். வடக்கே வர வர அதன் பலம் குறையும். என்றாலும் காற்றில்லாத, கடல் கண்ணாடி மாதிரி இருக்கிற நாளில் கொக்கிளாய் வாயில் திடீரென்று ஒரு வரிசை எழும்பி முறிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

திட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தால் போதும்?

அலையின் உயரம் தண்ணீரின் ஆழத்தில் முக்காலுக்குச் சற்றுக் கூடினால் அலை முறியும். ஒன்றரை மீற்றர் தண்ணீரில் 1.2 மீற்றர் அலை முறிந்துவிடும். நான் வைத்திருக்கிற கணக்கு இதைவிடக் கஞ்சத்தனமானது: வருகிற மிகப் பெரிய அலை ஆழத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. இன்னொன்று, அலையின் பள்ளத்தில் தண்ணீர் குறையும். ஒன்றரை மீற்றர் ஆழத்தில் ஒரு மீற்றர் அலை போனால் பள்ளத்தில் உங்களுக்குக் கீழே ஒரு மீற்றர்தான். சுக்கான் அறுபது சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் மிச்சம் நாற்பது. எதிரோட்டம் அலையைக் கூட்டினால் அந்த நாற்பதும் போய்விடும்.

காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்ரிமீற்றர் ஏறும், கூடினால் அதே அளவு இறங்கும். ஓதம் மூன்று மீற்றர் உள்ள ஊர்களில் இதைக் கவனிக்கத் தேவையில்லை. அரை மீற்றர் ஓதம் உள்ள எங்களுக்கு 10 மில்லிபார் என்பது பெரிய பங்கு.

வானிலை அறிக்கையில் "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களே?

அது கடலுக்குப் போகிறவர்களுக்கான பொது அறிவிப்பு, அதில் முகத்துவாரம் இருக்காது. எச்சரிக்கை போட்டிருந்தால் அதோடு கேள்வி முடிந்தது, போகாதீர்கள். போடவில்லை என்றால் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. விண்டி மாதிரிச் செயலிகளில் தூர அலையையும் காற்றலையையும் தனித்தனியாகப் பார்க்கலாம், செக்கனும் திசையும் இருக்கும். திசை முக்கியம்: எங்கள் கிழக்கு வாய்கள் வடகிழக்கைப் பார்த்து நிற்கின்றன, வாடைக் காலத்து அலை நேரே வாய்க்குள் வரும். சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரம் அமைதியாகத் தெரியும். பாய்ப்படகில் வெளியே போவது மிக எளிது, திரும்பி வருவது காற்றை எதிர்த்து. பெடியன்கள் வீடு திரும்ப முடியாமல் தவிப்பது பெரும்பாலும் சோளகத்தில்தான்.

உள்ளே வருவதா, வெளியே போவதா, எது கூட ஆபத்து?

உள்ளே வருவது, சந்தேகமில்லாமல். வெளியே போகும்போது அலை முகம் காட்டிக்கொண்டு வருகிறது, சரிவராது என்று தெரிந்தால் கரையிலேயே நின்றுகொள்ளலாம், இரவு வீட்டில் படுக்கலாம். கடலிலிருந்து உள்ளே வரும்போது நீங்கள் பார்ப்பது அலையின் முதுகு. முதுகு எப்போதும் மழுங்கலாகத்தான் தெரியும், முறிந்து விழுகிற முகம் கரைப் பக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்து, இது சின்னது என்று முடிவெடுத்தவர்கள் திட்டிமேல் ஏறிய பிறகுதான் உண்மையைப் பார்க்கிறார்கள், அங்கே திரும்ப இடமில்லை.

ஆகவே வெளியே போவதற்கு முன்பே திரும்பி வருகிற நேரத்தைக் குறியுங்கள். காலைப் பெருக்கில் வெளியே போனால் அடுத்த பெருக்கு பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, அதாவது இருட்டிய பிறகு. இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல் போனவர்கள்தான் பின்னேரம் வற்றில் வந்து மாட்டுகிறார்கள்.

நுழைவதற்கு முன் எவ்வளவு நேரம் நின்று பார்க்க வேண்டும்?

குறைந்தது இருபது நிமிடம். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், ஏழெட்டு சின்னது, பிறகு மூன்று நாலு பெரியது. இரண்டு மூன்று கூட்டம் வந்து போகும்வரை எண்ணினால்தான் அந்த இடத்தின் தாளம் பிடிபடும். இரண்டு கூட்டத்துக்கு இடையிலான அமைதி உங்கள் படகு திட்டியைக் கடக்கிற நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் அன்றைக்கு வழி இல்லை. எங்கே அலை முறியாமல் போகிறதோ அங்கேதான் ஆழம். ஆனால் அலை சிறுத்த நேரத்தில் எல்லா இடமும் ஆழம் போலத் தெரியும், பெரிய கூட்டம் வரும்போதுதான் வழி தன்னைக் காட்டும்.

முடிந்தால் முதல் நாள் தரைவழியாகப் போய்க் கரையில் நின்று பாருங்கள். அங்கே தொழில் செய்கிற ஒரு ஐயாவிடம் கேளுங்கள். வாய் எந்தப் பக்கம் வெட்டிக்கொண்டு போயிருக்கிறது என்று அவர் இரண்டு வசனத்தில் சொல்வது எந்த வரைபடத்திலும் கிடைக்காது.

போன வருடம் போன பாதை ஜிபிஎஸ்ஸில் பதிவாகி இருக்கிறது. அதையே பிடித்துப் போகலாமா?

வேண்டாம். நியூசிலாந்தில் மனுகாவ் துறைமுக வாயில் 1863 பெப்ரவரி 7ஆம் திகதி பிரித்தானியக் கடற்படையின் ஓர்ஃபியஸ் என்ற போர்க்கப்பல் திட்டியில் ஏறி உடைந்தது, 189 பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்தது பழைய வரைபடம், அதற்குப் பிறகு மணல் நகர்ந்துவிட்டிருந்தது. எங்கள் வாய்கள் அதைவிட வேகமாக மாறுகின்றன. ஒரு மாரி போதும், வாய் இருந்த இடமே மாறிவிடும்.

பாயில் போவதா, எஞ்சினிலா?

எஞ்சின் இருந்தால் ஓடவிட்டுக்கொண்டு, பாயையும் விரித்துக்கொண்டு. எஞ்சினை மட்டும் நம்பினால், அமரத்தை அலை தூக்கும்போது விசிறி காற்றில் சுற்றும், திட்டி மணலை உறிஞ்சி எஞ்சின் நின்றும் போகும். பாயை மட்டும் நம்பினால், இரண்டு பெரிய அலைகளுக்கு நடுப்பள்ளத்தில் காற்று மறைந்து பாய் தொங்கும், வேகம் வேண்டிய அந்த நொடியில்.

என் படகில் எஞ்சின் இல்லை. அதனால் எனக்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு: பாய் மாற்றித் திரும்பாமல் ஒரே நீட்டில் கடக்கக்கூடிய காற்று இருந்தால் மட்டும்தான். முறிகிற அலைக்குள் பாய் மாற்றப் போய் அணியம் காற்றைப் பார்த்து நின்றுவிட்டால், அடுத்த அலை படகைப் பின்னோக்கித் தள்ளிச் சுக்கானை உடைக்கும்.

பாயையும் சுக்கானையும் எப்படிப் பிடிப்பது?

உள்ளே வரும்போது அலையின் முதுகில் உட்கார்ந்து வாருங்கள். அதன் உச்சியைத் தாண்டி முன்பக்கம் வழுக்கி இறங்க விடாதீர்கள். படகு முந்தப் பார்த்தால் பாய்க்கயிற்றைத் தளர்த்துங்கள், பின்னாலிருக்கும் அலை நெருங்கினால் இழுங்கள். கை எப்போதும் கயிற்றில். ஆட்கள் எல்லாரும் பின்னுக்கு. படகின் அடியில் இறங்குகிற நடுப்பலகையைப் பாதிக்கு உயர்த்துங்கள், முழுக்க இறக்கியிருந்தால் அலை பக்கவாட்டில் தள்ளும்போது பலகை தடுக்கிப் படகு கவிழும், முழுக்க எடுத்தால் நேராக ஓடாது. காற்று நேர் பின்னாலிருந்து வந்தால் பாயின் கீழ்த்தடி மறுபக்கம் அடித்துக்கொண்டு போகாதபடி முன்னுக்கு ஒரு கயிறு கட்டுங்கள், அல்லது இன்னும் நல்லது, சற்றுச் சரிவாகக் காற்று வருகிற மாதிரி வழியைத் தெரிந்தெடுங்கள். பாயைச் சுருக்கலாம், ஆனால் வேகம் செத்துப்போகிற அளவுக்குச் சுருக்கக்கூடாது. மெதுவாக ஓடுகிற படகுக்குச் சுக்கான் பேசாது.

வெளியே போகும்போது அலையை நேருக்கு நேர் குத்தாமல் கொஞ்சம் சரித்து ஏறி, உச்சியில் வேகத்தைத் தளர்த்தி, மறுபக்கம் விழாமல் இறங்க வேண்டும். திட்டியில் ஏறிய பிறகு மனம் மாறித் திரும்புவது மட்டும் வேண்டாம். அலைக்குப் பக்கம் காட்டுகிற அந்தச் சில செக்கன்தான் கவிழ்கிற நேரம்.

இரவில்?

இல்லை.

வந்து சேர்ந்தபோது வற்று, வாய் முறிந்துகொண்டிருக்கிறது. என்ன செய்வது?

வெளியே நில்லுங்கள். முறிகிற இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, பாயைச் சுருக்கி, படகை மெல்ல மிதக்க விட்டு, சோறு இருந்தால் சாப்பிட்டு, ஓட்டம் தணிகிறவரை காத்திருங்கள். ஆழ்கடலில் அலை ஆட்டும், வயிற்றைப் பிரட்டும், ஆனால் கவிழ்க்காது. அதுவும் சரிவராது என்றால் திட்டி இல்லாத இடத்துக்குப் போங்கள். நாயாற்றிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 40 கடல்மைல், எந்த ஓதத்திலும் நுழையலாம். வடக்கே என்றால் காங்கேசன்துறை அலைதடுப்புக்குள். எட்டு மணித்தியாலம் கூடுதலாகக் கடலில் இருப்பது பெரிய கஷ்டம்தான், வீட்டில் திட்டும் விழும். நாயாற்று வாயில் அன்று நான் காத்திருக்காமல் விட்டது ஒரு நாள், மச்சான் கொடுத்தது ஆறு மாதம்.

வெளிநாட்டில் இருக்கிறோம், அங்கே பாய்ப்படகு ஓட்டுகிறோம். ஊர்க் கணக்கு அங்கே சரிவருமா?

விதி ஒன்று, அளவு வேறு. அமெரிக்காவில் கொலம்பியா ஆறு பசிபிக்கில் விழுகிற வாயில் ஓத வித்தியாசமே 2 மீற்றரைத் தாண்டும், அதோடு பெரிய ஆற்றின் தண்ணீரும் சேர்ந்து வெளியே தள்ளும், பசிபிக்கின் மாரிகால அலை எதிரே வரும். பெரிய சரக்குக் கப்பல்களே அந்தத் திட்டிக்கென்று தனி வழிகாட்டி மாலுமியை ஏற்றித்தான் கடக்கின்றன. அமெரிக்கக் கரையோரக் காவல்படை உயிர்காப்புப் படகு ஓட்டப் பழக்குகிற பள்ளியை அந்த வாயின் ஓரத்திலேயே வைத்திருக்கிறது. ஊரில் அரை மணி நேரம் பிந்தினால் சமாளிக்கலாம், அங்கே முடியாது.

அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பொழுதுபோக்குப் படகில் கரையோரத் திட்டி கடக்கிற எல்லாரும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும் என்பது சட்டம். அங்குள்ள தன்னார்வ மீட்புப் படையிடம் வானொலியில் சொல்லிவிட்டுக் கடக்கலாம், கடந்ததும் மறுபடி சொல்லலாம். அதைச் செய்யுங்கள்.

ஊரில் யாரும் அங்கி போடுவதில்லையே?

நீங்கள் போடுங்கள். நீச்சல் தெரியும் என்பது பதில் இல்லை. முறிந்த அலையின் வெண்ணுரையில் காற்று நிறையக் கலந்திருக்கும், அதில் நீந்தத் தெரிந்தவனுக்கும் உடம்பு சரியாக மிதக்காது. நானும் மச்சானும் நல்லாய் நீந்துவோம், அன்று எங்களைத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தது அங்கிதான்.

கவிழ்ந்துவிட்டால்?

படகு மிதந்தால் படகோடு இருங்கள், ஆனால் அதற்கும் கரைக்கும் நடுவில் இருக்காதீர்கள், அலை படகைத் தூக்கி உங்கள்மேல் போடும். ஓட்டம் வெளியே இழுத்தால் அதோடு சண்டை பிடிக்காதீர்கள். முறிகிற இடத்தைத் தாண்டியதும் அது பரந்து வேகம் இழந்துவிடும். கையில் வானொலி இருந்தால் 16ஆம் அலைவரிசை. கரையில் நிற்பவர்கள் 117க்கு எடுக்கலாம், அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். இதற்கெல்லாம் முன்னால், எப்போது வருவோம் என்று கரையில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

எங்கள் வாய்க்கென்று அட்டவணை இல்லையே, ஓட்டம் திரும்புகிற நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்களே எழுத வேண்டும். கரையில் அசையாத ஒரு கல்லிலோ பாலத்தூணிலோ அடையாளம் வையுங்கள், ஒரு தேங்காய் மட்டையை வாயில் போட்டு எந்தப் பக்கம் போகிறது, இருபது மீற்றர் போக எத்தனை செக்கன் என்று பாருங்கள். இருபது மீற்றரைப் பத்துச் செக்கனில் ஓடினால் 4 நொட். அதோடு அன்றைய அட்டவணை நேரம், பிறை, காற்று, ஒரு கிழமைக்குள் மழை பெய்ததா என்பதையும் குறியுங்கள். பறுவம், அமாவாசை, இரண்டுக்கும் இடைப்பட்ட எட்டாம் பிறை நாட்கள் என்று ஒரு மாதம் எழுதினால் பிந்தல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மாரிக்கு ஒரு பக்கம், கோடைக்கு ஒரு பக்கம். வாய் உடைத்து இடம் மாறினால் புதுத் தாள்.

பெடியன்களை இதற்குத் தொண்டைமானாற்றுக்கு அனுப்புகிறேன். செல்வச்சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, அணைக்கதவு திறந்திருக்கிற நாட்களில் வெளியே வருகிற தண்ணீரும் வாடை அலையும் மோதுகிற இடத்தைக் கரையில் குந்தியிருந்து எண்ணுகிறார்கள். படகு தேவையில்லை. போன மார்கழியில் ஒரு தம்பி இரண்டு மணித்தியாலம் எண்ணி, பெரிய கூட்டம் பதினொரு நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று எழுதிக் கொண்டுவந்தான். அவனை அடுத்த சோளகத்தில் சுக்கானில் இருத்தப் போகிறேன்.